திங்கட்கிழமை காலையில் ஒரு புல் ரிக்வெஸ்ட்: பில்டு கருவிகளைத் தானாகப் புதுப்பிக்க ஒரு வழிகாட்டி

நான்கு வருடம் யாரும் தொடாத ஒரு வெப்சைட்டில் ஒரு தொலைபேசி எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. ஐந்து நிமிட வேலை என்று சொல்லித்தான் எடுத்துக்கொண்டேன். எண்ணை மாற்றி பில்டு (எழுதிய நிரலைப் பிரௌசருக்கான கோப்புகளாக மாற்றும் வேலை) ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்பு. புராஜெக்ட்டில் இருந்த பில்டு கருவி வெப்பேக் 4, அதை ஓட்ட என் லேப்டாப்பில் இருந்தது நோட் 20. வெப்பேக் 4 தன் கோப்புகளுக்கு அடையாளம் போட எம்டி4 என்ற பழைய ஹாஷ் முறையைப் பயன்படுத்தும். நோட் 17-இல் ஓபன்எஸ்எஸ்எல் 3 என்ற குறியாக்க நூலகம் உள்ளே வந்ததிலிருந்து அந்த முறை இயல்பாகவே மூடிக் கிடக்கிறது. சரி, வெப்பேக்கை 5-க்கு உயர்த்தலாம் என்றால் அதனோடு சேர்ந்து ஓடும் லோடர்கள் ஒத்துவரவில்லை. லோடர்களை உயர்த்தினால், புதிய நிரலைப் பழைய பிரௌசருக்கு மாற்றித்தரும் பேபலின் அமைப்பு தகராறு செய்தது. அதையும் சரிக்கட்டினால், முன்பு வெப்பேக் தானாகச் சேர்த்துத் தந்த நோட் பாலிஃபில்களை (நோட்டின் வசதிகளுக்குப் பிரௌசரில் ஓடும் மாற்றுகளை) 5 தருவதில்லை. எண் மாறி வெளியே போக இரண்டு நாள் ஆனது.

இதே மாற்றங்கள் அவை வெளிவந்த காலத்தில் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்திருந்தால், ஒவ்வொன்றும் அரை மணி நேர வேலை. மொத்தமாகச் சேர்ந்துவிட்டதால்தான் எது எதை உடைக்கிறது என்றே பிடிபடவில்லை. அப்படி ஒவ்வொன்றாக, ஒழுங்காகக் கைக்கு வர வைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிட்ஹப்பில் இருக்கும் ஒரு சாதாரண புராஜெக்ட்டை எடுத்துக்கொள்வோம்: பேக்கேஜ்களுக்கு என்பிஎம், பில்டுக்கு வீட் ஜேஎஸ், கூடவே டைப்ஸ்கிரிப்ட், நிரலில் தவறு தேடும் ஈஎஸ்லின்ட், நிரலின் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் பிரிட்டியர். புதுப்பிப்புகளை புல் ரிக்வெஸ்ட்டாக, அதாவது இந்த மாற்றத்தைச் சேர்க்கலாமா என்று கேட்கும் கோரிக்கையாக, கொண்டுவரும் வேலையை கிட்ஹப்பிலேயே இருக்கும் டிபெண்டபாட் செய்யும். 2017-இல் தனிச் சேவையாகத் தொடங்கிய அதை 2019-இல் கிட்ஹப் வாங்கிக்கொண்டது. தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை.

டெவ் டிபெண்டன்சிதானே என்று விட்டுவிடாதீர்கள்

பேக்கேஜ் டாட் ஜேசன் கோப்பில், புராஜெக்ட் சார்ந்திருக்கும் பேக்கேஜ்களுக்கு (டிபெண்டன்சிகள்) இரண்டு பட்டியல்கள் இருக்கும். ரியாக்ட் போல பயனரின் பிரௌசருக்கே போகிறவை டிபெண்டன்சி பட்டியலில், வீட், டைப்ஸ்கிரிப்ட் போன்றவை டெவ் டிபெண்டன்சி பட்டியலில். இரண்டாவதைப் பற்றி, "இது நம் மெஷினில் மட்டும் ஓடுவது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு இதில் சற்றும் உடன்பாடு இல்லை. பயனரிடம் போய்ச் சேரும் ஜாவாஸ்கிரிப்ட்டின் கடைசி வடிவத்தை எழுதுவது நீங்கள் அல்ல, பில்டு கருவி. அது மட்டுமில்லை, அந்தக் கருவி உங்கள் மெஷினில் உங்கள் அனுமதியோடு ஓடுகிறது. உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவி, கிளவுட் பாஸ்வேர்டு, என்பிஎம் டோக்கன் எல்லாம் அதன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

2018 நவம்பரில் வெளியே தெரிந்த ஈவென்ட்-ஸ்ட்ரீம் விவகாரம் இதற்குச் சரியான பாடம். அந்தப் பேக்கேஜைப் பராமரிக்கும் பொறுப்பு புதியவர் ஒருவர் கைக்குப் போனது. ஃபிளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற இன்னொரு பேக்கேஜ் அதற்குள் சேர்ந்தது. அதில் ஒளிந்திருந்த நிரல் மற்ற இடங்களில் எல்லாம் சும்மா இருந்துவிட்டு, கோபே என்ற பிட்காயின் வாலட்டின் பில்டு ஓடும்போது மட்டும் விழித்துக்கொண்டு, உருவாகும் செயலிக்குள் தன்னைச் சேர்த்துக்கொண்டது. குறி வைத்தது பில்டைத்தான்.

ஆகவே பழையதிலேயே கிடப்பதும் ஆபத்து, வந்த வேகத்தில் புதியதை இழுத்துப் போடுவதும் ஆபத்து. தினமும் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று கையால் முடிவெடுக்க யாராலும் முடியாது. அதனால்தான் இதை ஒரு கருவியிடம் கொடுக்கிறோம். ஆனால் கருவியிடம் கொடுப்பது கொண்டுவரும் வேலையை மட்டும்தான். சரியா தவறா என்று பார்க்கும் ஏற்பாட்டை நீங்கள்தான் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். டிபெண்டபாட்டை முதலில் போட்டுவிட்டுச் சோதனைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கிய பல புராஜெக்ட்டுகளில் முப்பது நாற்பது புல் ரிக்வெஸ்ட்டுகள் யாரும் தொடாமல் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 1: கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

டெர்மினலில் ‘என்பிஎம் அவுட்டேட்டட்’ என்று ஓட்டுங்கள். பழசாகிப்போன ஒவ்வொரு பேக்கேஜுக்கும் எதிரே மூன்று எண்கள் வரும்: இப்போது நிறுவியிருப்பது, உங்கள் பேக்கேஜ் டாட் ஜேசன் அனுமதிக்கும் வரம்புக்குள் கிடைக்கும் உச்சம், வெளியே இருக்கும் ஆகப் புதியது. முதல் எண்ணுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரம்தான் நீங்கள் அடைக்க வேண்டிய கடன்.

வரம்பு என்றேனே, அது வெர்ஷனுக்கு முன்னால் இருக்கும் சின்னக் குறியில் இருக்கிறது. ^7.1.0 என்றால் 7.1.0 முதல் 8.0.0-க்கு முன்பு வரை எதுவும் வரலாம். ~7.1.0 என்றால் 7.2.0-க்கு முன்பு வரை மட்டும். பூஜ்யத்தில் தொடங்கும் வெர்ஷன்களில் ஒரு நுணுக்கம் உண்டு, புதியவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்: ^0.25.1 என்றால் 0.26.0-க்கு முன்பு வரை மட்டுமே. ஒன்றை எட்டாத பேக்கேஜில் நடு எண் மாறினாலே பெரிய மாற்றம் என்றுதான் கணக்கு. இஎஸ்பில்டு என்ற பில்டு கருவி இன்னும் அந்த வகையில்தான் இருக்கிறது. அதைத் துல்லியமாக ஒரே வெர்ஷனில் நிறுத்தி வையுங்கள் என்று அதை எழுதியவர்களே சொல்கிறார்கள்.

மூன்று எண்களின் பொருள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலாவது மாறினால் பழையது உடையலாம், இரண்டாவது மாறினால் புதிய வசதி, மூன்றாவது மாறினால் பிழைத்திருத்தம். ஆனால் எல்லாரும் இதைப் பின்பற்றுவதில்லை. டைப்ஸ்கிரிப்ட் பின்பற்றுவதே இல்லை. அதில் 5.7-இலிருந்து 5.8-க்குப் போனாலும், நேற்று வரை ஒழுங்காக இருந்த நிரலில் புதிய பிழைகள் காட்டலாம். பிரிட்டியரில் நடு எண் மாறினாலே கோப்புகளின் வடிவம் மாறக்கூடும். அதனால் அதையும் ஒரே வெர்ஷனில் நிறுத்தி வைப்பதே வழக்கம்.

அப்புறம் லாக் கோப்பு. பேக்கேஜ்-லாக் டாட் ஜேசன் உங்கள் ரிப்போவில் கமிட் ஆகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கிட் இக்னோர் பட்டியலில் யாராவது அதைச் சேர்த்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். வரம்பு என்பது அனுமதி, லாக் என்பது முடிவு. லாக் இல்லாவிட்டால் உங்கள் மெஷினில் ஒரு வெர்ஷன், நண்பர் மெஷினில் ஒரு வெர்ஷன், சர்வரில் இன்னொன்று என்று ஆகிவிடும். டிபெண்டபாட் எதை மாற்றியது என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இருக்காது.

படி 2: முதலில் வாசலைக் கட்டுங்கள்

இந்தப் படிதான் முக்கியம், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

கிட்ஹப் ஆக்ஷன்ஸில் (வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் வசதி) ஒரு வொர்க்ஃபுளோ எழுதுங்கள். ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் அது ஓட வேண்டும். முதல் வேலை ‘என்பிஎம் சிஐ’. ‘என்பிஎம் இன்ஸ்டால்’ அல்ல. சிஐ கட்டளை இருக்கிற நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு, லாக் கோப்பில் உள்ளதை அப்படியே நிறுவும். லாக்கும் பேக்கேஜ் டாட் ஜேசனும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். நமக்கு வேண்டியது அந்தக் கண்டிப்புதான்.

அடுத்து டைப் சோதனை. வீட் டைப்ஸ்கிரிப்ட்டை ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றுமே தவிர டைப்புகளைச் சரிபார்க்காது. பில்டு பச்சையாக வந்துவிட்டது, ஆகவே டைப்புகளும் சரி என்று நினைத்துக்கொண்டு பல மாதம் ஓட்டிய குழுக்கள் உண்டு. ‘டிஎஸ்சி’ கட்டளையை ‘நோ எமிட்’ என்ற தெரிவோடு தனியாக ஓட்டுங்கள். பிறகு லின்ட், பிறகு டெஸ்ட், பிறகு பில்டு.

நோட் வெர்ஷனை ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். என்விஎம்ஆர்சி கோப்பில் எழுதிவிட்டு, வொர்க்ஃபுளோவும் அதையே படிக்கும்படி செய்யலாம். வீட் 7-க்கு நோட் 20.19 அல்லது 22.12, அல்லது அவற்றுக்கு மேல் வேண்டும். உங்கள் லேப்டாப்பில் ஒன்றும் சிஐ-யில் (கிட்ஹப்பில் தானாக ஓடும் இந்தச் சோதனைகளில்) வேறொன்றும் இருந்தால், டிபெண்டபாட் கொண்டுவந்த மாற்றம் உடைந்ததா, நோட் பழசா என்று தேடியே பொழுது போய்விடும்.

இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் பலர் குழம்புகிறார்கள். டிபெண்டபாட் திறக்கும் புல் ரிக்வெஸ்ட்டில் ஓடும் வொர்க்ஃபுளோவுக்கு உங்கள் வழக்கமான ரகசியங்கள் கிடைக்காது, டோக்கனும் இயல்பாகப் படிக்க மட்டும்தான். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் புது நிரலின் முன்னால் சாவிக்கொத்தை வைக்கக்கூடாது இல்லையா? உங்கள் புல் ரிக்வெஸ்ட்டில் எல்லாம் பச்சை, டிபெண்டபாட்டுடையதில் மட்டும் சிவப்பு என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். சோதனை ஓட்டும் வேலைக்கு ரகசியம் எதுவும் தேவைப்படாதபடி எழுதிவிடுவதே நல்ல தீர்வு.

இதுவரை சொன்னவை எல்லாம் பில்டு நடந்ததா என்று பார்ப்பவை. உருவானது என்ன என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. இதை நான் ஒரு வாடிக்கையாளரின் கடையில் கற்றுக்கொண்டேன். வீட் 6-இலிருந்து 7-க்கு மாறியிருந்தோம். டைப் சோதனை, லின்ட், டெஸ்ட், பில்டு எல்லாம் பச்சை. வெளியிட்ட மறுநாள் கடைக்காரர் கூப்பிட்டார்: "தம்பி, கவுன்டர்ல இருக்கிற டேப்லெட்ல வெள்ளையா நிக்குது. என் போன்ல நல்லாத்தான் வருது." போய்ப் பார்த்தால், பல வருடமாகப் புதுப்பிக்காத பிரௌசர். வீட் 7 எந்த வயது பிரௌசர் வரை ஆதரிக்கிறதோ அந்த இயல்பான எல்லை முன்னேறியிருந்தது: குரோம் 87-இலிருந்து 107-க்கு, சஃபாரி 14-இலிருந்து 16-க்கு, ஃபயர்பாக்ஸ் 78-இலிருந்து 104-க்கு. முன்பு பழைய பிரௌசருக்குப் புரியும்படி இறக்கி எழுதிக்கொடுத்த சில வரிகளை, இப்போது புதிய வடிவிலேயே விட்டுவிட்டது. புரியாத ஒரு எழுத்துமுறை வந்தால் பிரௌசர் அந்த வரியை மட்டும் தாண்டிப் போகாது, அந்தக் கோப்பையே படிக்காமல் விட்டுவிடும். அதனால்தான் முழு வெள்ளை.

வீட் மீது தவறில்லை. மாற்றக் குறிப்பில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அந்த எல்லையை நாங்கள் முடிவு செய்யாமல் கருவியின் இயல்பு மதிப்பிடம் விட்டிருந்தோம். அன்றிலிருந்து எல்லா புராஜெக்ட்டிலும் வீட் அமைப்புக் கோப்பில் ‘பில்டு’ பகுதியின் ‘டார்கெட்’ மதிப்பை நாங்களே எழுதி வைக்கிறோம். எந்த பிரௌசர் வரை என்பது கடையில் எந்த டேப்லெட் இருக்கிறது என்பதைப் பொறுத்த முடிவு. அது கருவி எடுக்க வேண்டிய முடிவு இல்லை.

ஆகவே வாசலில் இன்னும் இரண்டு காவல் வையுங்கள். முதலாவது, உருவான பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது. டெவலப்மென்ட் சர்வரில் அல்ல, ‘வீட் பிரிவ்யூ’ கட்டளையால், பில்டு ஆன கோப்புகளையே. பிளேரைட் போன்ற கருவியால் அந்தப் பக்கத்தைத் திறந்து, தலைப்பு தெரிகிறதா, கன்சோலில் பிழை ஏதும் இல்லையா என்று பார்க்கும் பத்து வரி டெஸ்ட் போதும். இரண்டாவது, அளவு. பில்டு முடிந்ததும் வீட் ஒவ்வொரு கோப்பின் அளவையும், ஜிஜிப் செய்த பிறகான அளவையும் டெர்மினலில் காட்டும். ஒரு சின்ன பேட்ச் புதுப்பிப்பில் 140 கேபி இருந்த கோப்பு 190 ஆகிறது என்றால் ஏதோ ஒன்று இரண்டு முறை உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாம் ஓடுகிறது என்று உறுதியான பின், ரிப்போவின் செட்டிங்ஸில் மெயின் பிராஞ்ச்சுக்கு விதி வையுங்கள்: இந்தச் சோதனைகள் பச்சையாகாமல் மெர்ஜ் (மெயினில் சேர்ப்பது) கூடாது.

படி 3: டிபெண்டபாட் கோப்பு

இப்போது சின்ன வேலைதான் பாக்கி. ரிப்போவின் வேர் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் கிட்ஹப் ஃபோல்டர் இருக்கும், வொர்க்ஃபுளோக்கள் இருக்கும் அதே இடம். அதற்குள், வொர்க்ஃபுளோஸ் ஃபோல்டருக்கு வெளியே, டிபெண்டபாட் டாட் ஒய்எம்எல் என்று ஒரு கோப்பு உருவாக்குங்கள். உள்ளே வரும் சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். இங்கே நான் ஒலிப்பை மட்டும் தருகிறேன். வரிகளை உள்ளே தள்ள ஸ்பேஸ்தான், டேப் போட்டால் கோப்பே செல்லாது.

முதல் வரி ‘வெர்ஷன்’, மதிப்பு 2. இது டிபெண்டபாட் கோப்பு வடிவத்தின் வெர்ஷன், உங்கள் புராஜெக்ட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுத்து ‘அப்டேட்ஸ்’ என்ற பட்டியல். அதன் முதல் உருப்படியில் ‘பேக்கேஜ்-எகோசிஸ்டம்’ என்பதற்கு என்பிஎம் என்று எழுதுங்கள். ‘டைரக்டரி’ என்பதற்கு ஒற்றைச் சாய்கோடு, அதாவது பேக்கேஜ் டாட் ஜேசன் வேர் ஃபோல்டரில் இருக்கிறது என்று பொருள். உங்களுடையது ‘ஃபிரன்ட்எண்ட்’ போன்ற உள் ஃபோல்டரில் இருந்தால் அந்தப் பாதையைக் கொடுங்கள். ‘ஷெட்யூல்’ என்பதற்குக் கீழே ‘இன்டர்வெல்’, அதற்கு ‘வீக்லி’.

தினமும் என்று வைக்காதீர்கள். தினமும் வரும் எதையும் பத்தாம் நாளில் பார்க்காமல் விட்டுவிடுவோம். வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை காலை ஒன்பது மணி என்று வையுங்கள். ‘டே’, ‘டைம்’ என்று இரண்டு வரிகள் உண்டு. ‘டைம்சோன்’ என்ற வரியையும் மறக்காமல் சேருங்கள். சேர்க்காவிட்டால் யுடிசி கணக்குப்படி ஓடும், நமக்கு மதியம் இரண்டரை ஆகிவிடும். இந்தியாவில் இருந்தால் ஏஷியா/கொல்கத்தா, இலங்கையில் இருந்தால் ஏஷியா/கொழும்பு. வெள்ளிக்கிழமை மாலைக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள்.

இந்தக் கோப்பு பார்த்துக்கொள்வது வழக்கமான புதுப்பிப்புகளை. பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட பேக்கேஜுக்கான அவசரப் புதுப்பிப்பு தனி. அதை ரிப்போவின் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், டிபெண்டபாட் அலர்ட்டுகளையும் செக்யூரிட்டி அப்டேட்டுகளையும் ஆன் செய்ய வேண்டும். அவை வாரக் கிழமைக்குக் காத்திருக்காது.

படி 4: கூட்டமாக வரச் சொல்லுங்கள், ஆற விட்டு வரச் சொல்லுங்கள்

இதோடு விட்டால் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு புல் ரிக்வெஸ்ட் வரும். ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேல் திறக்காது என்பது இயல்பான வரம்பு. ஐந்தும் ஒரே லாக் கோப்பைத் தொடும், ஒன்றை மெர்ஜ் செய்தால் மற்ற நான்கும் முட்டிக்கொள்ளும். டிபெண்டபாட் அவற்றைத் தானே ரீபேஸ் செய்துவிடும் (புதிய மெயின் மேல் மறுபடி பொருத்திவிடும்) என்றாலும் ஒவ்வொரு தடவையும் சிஐ முதலிலிருந்து ஓட வேண்டும்.

‘குரூப்ஸ்’ என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது. நான் மூன்று குழு வைக்கிறேன். ஈஎஸ்லின்ட் குடும்பம் முழுவதும் ஒரு குழு: ஈஎஸ்லின்ட், டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட், அதன் பிளக்இன்கள். இவற்றுக்குப் பெரிய வெர்ஷன் மாறினாலும் சேர்ந்தே வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஈஎஸ்லின்ட் மட்டும் தனியாக முதல் எண் தாண்டினால், பிளக்இன்கள் இன்னும் பழையதையே கேட்கும், என்பிஎம் நிறுவவே மறுத்துவிடும். வீட்-உம் அதன் பிளக்இன்களும் இரண்டாவது குழு. மீதி டெவ் டிபெண்டன்சிகள் மூன்றாவது. பின்னிரண்டுக்கும் ‘அப்டேட்-டைப்ஸ்’ என்பதில் மைனர், பேட்ச் இரண்டை மட்டும் எழுதுகிறேன். அப்போது பெரிய வெர்ஷன் மாற்றம் குழுவில் ஒளிந்து வராமல் தனியாக வந்து நிற்கும். வரிசையும் முக்கியம். ஒரு பேக்கேஜ் எந்தக் குழுவில் முதலில் பொருந்துகிறதோ அதில்தான் சேரும், அதனால் ‘மீதி எல்லாம்’ குழு கடைசியில் இருக்க வேண்டும்.

அடுத்தது ‘கூல்டவுன்’. இதை விருப்பம் இருந்தால் என்று பலர் எழுதுகிறார்கள், நான் கட்டாயம் என்றே சொல்வேன். 2025 செப்டம்பர் 8 அன்று சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களின் கெட்ட வெர்ஷன்கள் என்பிஎம்-இல் ஏறின. பராமரிப்பாளரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றி அவர் கணக்குக்குள் புகுந்திருந்தார்கள். இந்தப் பேக்கேஜ்களின் வாராந்திரப் பதிவிறக்கம் மொத்தம் 200 கோடிக்கு மேல். சில மணி நேரத்திலேயே கண்டுபிடித்து எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதம் என்எக்ஸ் என்ற பில்டு கருவிக்கும் இதே போல நடந்தது. நிறுவும்போதே ஓடும் ஸ்கிரிப்ட் டெவலப்பர்களின் டோக்கன்களையும் சாவிகளையும் பொறுக்கி, அவர்களுடைய கிட்ஹப் கணக்கிலேயே பொது ரிப்போவாக ஏற்றியது. அதுவும் சில மணி நேரக் கதைதான். ஒரு வாரம் பொறுத்து எடுப்பவரை இந்த இரண்டும் தொட்டிருக்காது.

‘கூல்டவுன்’ கீழே ‘டிஃபால்ட்-டேஸ்’ என்பதற்கு 7 என்றும், ‘செம்வெர்-மேஜர்-டேஸ்’ என்பதற்கு 30 என்றும் வைக்கிறேன். பெரிய வெர்ஷன் வந்த முதல் மாதத்தில் அதன் பிழைகளை மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், பிளக்இன்களும் அதற்குள் தயாராகிவிடும். பாதுகாப்புப் புதுப்பிப்புகளை இந்தக் காத்திருப்பு தடுக்காது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இது டிபெண்டபாட்டை மட்டும்தான் கட்டுப்படுத்தும். நீங்கள் கையால் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ அடித்தால் ஐந்து நிமிடம் முன்பு வந்ததும் உள்ளே வரலாம். என்பிஎம்-க்கு மாற்றான பிஎன்பிஎம் பயன்படுத்துகிறவர்களுக்கு 10.16 வெர்ஷனிலிருந்து இந்தக் காத்திருப்பு நிறுவும் கருவியிலேயே கிடைக்கிறது. டிபெண்டன்சிகளின் நிறுவல் ஸ்கிரிப்ட்டுகளையும் பிஎன்பிஎம் 10 இயல்பாகவே ஓட விடுவதில்லை.

கடைசியாக ‘அப்டேட்ஸ்’ பட்டியலில் இரண்டாவது உருப்படி ஒன்று சேர்த்து, ‘கிட்ஹப்-ஆக்ஷன்ஸ்’ என்று எழுதுங்கள். உங்கள் வொர்க்ஃபுளோ கூப்பிடும் ஆக்ஷன்களும் டிபெண்டன்சிகள்தான். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்ஷன்ஸ் என்ற பிரபலமான தொகுப்பின் ஒரு ஆக்ஷனில் பழைய டேக்குகளையே கெட்ட கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். வெர்ஷன் பெயரை நம்பியவர்கள் மாட்டினார்கள், நல்ல கமிட்டின் முழு ஹாஷை எழுதியிருந்தவர்கள் தப்பினார்கள். முழு ஹாஷ் எழுதி வைத்தாலும் டிபெண்டபாட் அதைப் புதுப்பித்துத் தரும்.

படி 5: திங்கட்கிழமை வந்ததும் என்ன பார்ப்பது

கோப்பை மெயினில் சேர்த்ததும் முதல் ஓட்டம் உடனே நடக்கும், கிழமைக்குக் காத்திருக்காது. கடன் அதிகம் இருந்தால் முதல் வாரம் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது வாரத்தில் அடங்கிவிடும்.

ஒரு புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்தால் மேலே வெளியீட்டுக் குறிப்புகளைத் தொகுத்துப் போட்டிருக்கும். குழுவாக வந்தால் நீளமாக இருக்கும், எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். வீட் குழுவுக்கு முழுதாகப் படிக்கிறேன், லின்ட் குழுவுக்குத் தலைப்புகளோடு சரி. அப்புறம் மாறிய கோப்புகள் பக்கத்துக்குப் போய் லாக் கோப்பைத் திறக்கிறேன். அதை கிட்ஹப் பெரும்பாலும் காட்டாமல் மூடி வைத்திருக்கும், பெரும்பாலானோர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். திறந்து பாருங்கள், ஐந்து நிமிடம் போதும்.

அதில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் வெர்ஷன், எங்கிருந்து இறக்கியது என்ற முகவரி, உள்ளடக்கத்தின் ஹாஷ் மூன்றும் இருக்கும். இவை மாறுவது இயல்பு. நான் தேடுவது வேறு மூன்று. ஒன்று, முற்றிலும் புதிய பேக்கேஜ் பெயர். ஒரு பேட்ச் புதுப்பிப்பில் இதுவரை கேள்விப்படாத பெயர் உள்ளே வந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். ஃபிளாட்மேப்-ஸ்ட்ரீம் வந்தது அப்படித்தான். இரண்டு, முகவரி என்பிஎம் பதிவகத்தை விட்டு வேறெங்காவது போகிறதா என்பது. மூன்று, ‘ஹேஸ்இன்ஸ்டால்ஸ்கிரிப்ட்’ என்ற வரி புதிதாக முளைத்திருக்கிறதா என்பது. அது இருந்தால், அந்தப் பேக்கேஜ் நிறுவும்போதே உங்கள் மெஷினில் எதையோ ஓட்டப்போகிறது. இஎஸ்பில்டில் இது எப்போதும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. நேற்று வரை இல்லாத பேக்கேஜில் இன்று வந்தால் மெர்ஜ் பட்டனிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அந்தப் பேக்கேஜை யார் இழுத்து வந்தது என்று தெரிய ‘என்பிஎம் வொய்’ என்று அடித்து அதன் பெயரைக் கொடுங்கள், முழு வம்சாவளியும் வரும்.

சிவப்பாக வந்த புல் ரிக்வெஸ்ட்டை டிபெண்டபாட்டின் பிராஞ்ச்சிலேயே திருத்தலாம். ஆனால் உங்கள் கமிட் ஒன்று அதில் ஏறியதும், இனி உங்கள் பொறுப்பு என்று ரீபேஸ் செய்வதை அது நிறுத்திவிடும். இன்று முடிக்கிறீர்கள் என்றால் அங்கேயே திருத்துங்கள். இழுக்கும் என்று தோன்றினால் தனி பிராஞ்ச் எடுத்துக்கொள்ளுங்கள். லாக் கோப்பு முட்டிக்கொண்டால் மட்டும் கையால் ஒட்டுப்போட வேண்டாம். கமென்ட்டில் @ குறியோடு டிபெண்டபாட்டை அழைத்து ‘ரீபேஸ்’ என்று எழுதுங்கள், அது புதிதாக எழுதிக்கொண்டு வரும்.

பெரிய வெர்ஷன் ஒன்றை இப்போது எடுக்க முடியாத நிலை வரும். அப்போது ‘இக்னோர்’ பகுதியில் அந்தப் பேக்கேஜைச் சேர்க்கலாம், தவறில்லை. பக்கத்திலேயே ஒரு கமென்ட் வரியில் காரணத்தையும் தேதியையும் எழுதுங்கள்: எந்த பிளக்இன் தயாராகக் காத்திருக்கிறோம், எப்போது மறுபடி பார்ப்போம் என்று. காரணம் எழுதாத இக்னோர் வரியை ஒரு வருடம் கழித்து நீக்க யாருக்கும் துணிச்சல் வராது. அதேபோல, பிழையை வாயடைக்க ‘லெகசி பியர் டெப்ஸ்’ போடுவதும், ‘ஆடிட் ஃபிக்ஸ்’ கட்டளையோடு ‘ஃபோர்ஸ்’ சேர்ப்பதும் வேண்டாம். பின்னது நீங்கள் கேட்காமலேயே பெரிய வெர்ஷன்களைத் தாண்டிவிடும்.

தானாக மெர்ஜ் ஆகட்டுமா?

மூன்று மாதம் கையால் செய்த பிறகு யோசியுங்கள், அதற்கு முன் வேண்டாம். அதற்குள் உங்கள் சோதனைகள் எதைப் பிடிக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று தெரிந்துவிடும்.

யாரைத் தானாக விடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: அந்தக் கருவி தவறினால் சத்தம் முதலில் எங்கே கேட்கும்? ஈஎஸ்லின்ட் தவறினால் சிஐ-யில் கேட்கும். டைப் விவரங்கள் மட்டும் உள்ள பேக்கேஜ்கள் தவறினால் டைப் சோதனையில் கேட்கும். இவற்றின் பேட்ச், மைனர் புதுப்பிப்புகள் பச்சையானதும் தானாக உள்ளே போகட்டும். வீட், ரோலப், இஎஸ்பில்டு போன்ற பில்டு கருவிகள் தவறினால் கடையின் கவுன்டரில் இருக்கும் டேப்லெட்டில் கேட்கும். அவற்றை எந்தக் காலத்திலும் தானாக விடமாட்டேன், பேட்ச் ஆனாலும் சரி.

செய்முறை: செட்டிங்ஸில் ஆட்டோ மெர்ஜ் அனுமதியை ஆன் செய்யுங்கள். டிபெண்டபாட் திறந்த புல் ரிக்வெஸ்ட்டா என்று பார்த்து, ‘ஃபெட்ச்-மெட்டாடேட்டா’ என்ற டிபெண்டபாட்டின் ஆக்ஷனால் புதுப்பிப்பின் வகையைப் படித்து, பொருந்தினால் மட்டும் ஆட்டோ மெர்ஜை இயக்கும் சின்ன வொர்க்ஃபுளோ எழுதுங்கள். இந்த வேலைக்கு மட்டும் எழுதும் அனுமதியை வொர்க்ஃபுளோவிலேயே கேட்டு வாங்க வேண்டும். படி 2-இல் சொன்ன பிராஞ்ச் விதி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது, காத்திருக்கச் சோதனை எதுவும் இல்லை என்றால் எதுவும் பார்க்காமல் மெர்ஜ் ஆகிவிடும்.

இதெல்லாம் பழகிய பின் ஒரே ரிப்போவில் பல பேக்கேஜ்கள், பல குழுக்கள் என்று வளர்ந்தால் ரெனோவேட் என்ற இன்னொரு கருவியைப் பாருங்கள். காத்திருக்கும் எல்லாப் புதுப்பிப்புகளையும் ஒரே இஷ்யூவில் பட்டியலிட்டு வைக்கும், கிட்லாப் போன்ற இடங்களிலும் ஓடும், விதிகளை மிக நுணுக்கமாக எழுதலாம். தொடங்குகிறவர்களுக்கு அந்த நுணுக்கமே சுமை என்பதால் நான் டிபெண்டபாட்டிலிருந்தே தொடங்கச் சொல்வேன்.

திங்கட்கிழமை வந்தும் எதுவும் வரவில்லை என்றால், எல்லாம் புதிதாக இருக்கிறது என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். ரிப்போவின் இன்சைட்ஸ் பக்கத்தில் டிபெண்டன்சி கிராஃப், அதற்குள் டிபெண்டபாட் என்ற டேப். கடைசியாக எப்போது ஓடியது, எங்கே நின்றது என்று அங்கே பதிவு இருக்கும். பெரும்பாலும் ஒய்எம்எல் கோப்பில் ஒரு ஸ்பேஸ் தள்ளியிருக்கும், அல்லது டைரக்டரி பாதை தவறாக இருக்கும்.